புதுப்பிக்கும் நாளில் நோய் யாருடையது?

திருவையாற்றுக்கு அருகே காவிரியின் வடகரையில் இருக்கிறது எங்கள் ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு நான் அங்கேதான் வசிக்கிறேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், வங்கிப் படிவம், பட்டா நகல், காப்பீட்டுப் பத்திரம் என்று எந்தக் காகிதம் வந்தாலும் ஊரார் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்படி வந்த ஒரு காகிதத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. அதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2020 செப்டம்பரில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் அம்மையார், தம்முடைய ஜெர்சி கலப்பினப் பசுவுக்குக் காப்பீடு எடுக்க விரும்பினார். கணவரை இழந்தவர். சொந்த நிலம் இல்லை. நடவும் களையும் கிடைக்கும் நாள்களில் கூலி, மற்ற நாள்களில் பால். பசுவின் மதிப்பு 40,000 ரூபாய் என்று கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தார். பிரீமியம் ஓராண்டுக்கு மதிப்பில் 3 சதவீதம், மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டினால் 7.5 சதவீதம். அதாவது 1,200 ரூபாய் அல்லது 3,000 ரூபாய். அரசு மானியம் பாதி போக, அவர் கட்ட வேண்டியது 600 அல்லது 1,500. “எதுங்க சார் கட்டலாம்?” என்று கேட்டார். கையில் பணமில்லாத காலம் அது. “இப்போது ஓராண்டுக்குக் கட்டுங்கள் அம்மா, அடுத்த ஆண்டு புதுப்பித்துக்கொள்ளலாம். 900 ரூபாய் கையில் இருக்கட்டும்” என்றேன்.

அடுத்த ஆண்டு ஜூலையில், பாலிசியின் பதினோராம் மாதத்தில், பசு தீவனத்தைக் குறைத்தது. பால் பாதியாக விழுந்தது. கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டார்கள்; தேறியது. பத்து நாளில் மீண்டும் படுத்தது. ‘குட்டியானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, ஒரத்தநாட்டிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் வீடு கட்டிய இடத்தில் கிடந்த கட்டுக்கம்பித் துண்டு ஒன்றைப் புல்லோடு விழுங்கியிருக்கலாம் என்றார்கள். மாடு மென்று தேர்ந்து தின்னும் விலங்கன்று. கம்பியும் ஆணியும் வாயில் நிற்காமல் உள்ளே போய்விடும். அவை இரண்டாம் இரைப்பையில் தங்கி, நாளடைவில் அதன் சுவரைத் துளைத்து, உதரவிதானத்தைக் கடந்து, இதய உறையையே எட்டிவிடக்கூடும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஏறி இறங்கும் நோய் இது. சிகிச்சை தொடர்ந்தது.

இதற்கிடையே செப்டம்பர் வந்தது, புதுப்பிக்கும் நாள். பசு நலமாக இருக்கிறதென்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அவர் நேர்மையானவர், சிகிச்சையில் இருக்கிறது என்று உள்ளதை எழுதினார். காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு புதிய பாலிசியும் தந்தது. ஆனால், அதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்திருந்தது: இந்த நோயாலோ அதன் தொடர்ச்சியாலோ நேரும் இறப்புக்கு நிறுவனம் பொறுப்பன்று. வரி ஆங்கிலத்தில் இருந்தது. அந்த அம்மையாருக்கு அதை யாரும் படித்துச் சொல்லவில்லை. என்னிடமும் அப்போது அந்தக் காகிதம் வரவில்லை.

இருபதாம் நாள் பசு இறந்தது. பிரேதப் பரிசோதனையில் கம்பி கிடைத்தது. இழப்பீடு மறுக்கப்பட்டது. அதன் பிறகுதான் அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

கணக்கைப் பாருங்கள். முதல் ஆண்டு பாலிசி உயிரோடு இருந்தபோது நோய் வந்தது. ஆனால், பசு சாகவில்லை. இரண்டாம் ஆண்டு பாலிசி உயிரோடு இருந்தபோது பசு செத்தது. ஆனால், நோய் பழையது. இரண்டு ஆண்டுக்கும் பிரீமியம் கட்டியவருக்கு இரண்டு பாலிசியும் பொறுப்பேற்கவில்லை. அதே பசு, அதே கம்பி, அதே நாளில் சாவு. அவர் மூன்றாண்டு பாலிசி வைத்திருந்தால் 40,000 ரூபாய் கிடைத்திருக்கும். நான் மிச்சப்படுத்திக் கொடுத்த 900 ரூபாயின் விலை அது.

குதிரைக்கும் இதே கதை

இந்த வருத்தத்தை, இங்கிலாந்தில் குடியேறிய என் முன்னாள் மாணவி ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “சார், எங்கள் வீட்டுக் குதிரைக்கும் இதே கதைதான்” என்றார். மகளுக்காக வாங்கிய குதிரை. முன்னங்கால் தசைநாரில் காயம். அங்கே குதிரைக் காப்பீட்டில், இறப்புக்கு மட்டுமல்லாமல், மருத்துவச் செலவுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஆனால், பல பாலிசிகளில் ஒரு நோய்க்கான செலவை, அது முதலில் தென்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் வரைதான் தருவார்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த நோயையோ, சில வேளைகளில் அந்தக் காலையே முழுவதுமாகவோ விலக்கிவிடுவார்கள். அவருக்கு வந்த கடிதத்தில் இடது முன்னங்கால் விலக்கப்பட்டிருந்தது. குதிரையின் மூன்று கால்களுக்கு மட்டும் காப்பீடு இருப்பதாகச் சொல்லி அவர் மீண்டும் சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது. அந்தக் குதிரையை நம்பி அவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை.

குதிரை நமக்கு அந்நியமானதன்று. என் சிறு வயதில் கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கினால் வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்தக் குதிரைகளில் ஒன்று கால் நொண்டினால், வண்டிக்காரர் வீட்டில் அன்றைய வருமானம் நின்றுபோகும். அதற்கும் முன்பு, தஞ்சை மராட்டிய அரண்மனையில் குதிரை மருத்துவம் ஓர் அரசுத் துறைக்கு நிகராகப் பேணப்பட்டது. நகுலரின் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரச் சுவடியை சரஸ்வதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் 1952இல் பதிப்பித்திருக்கிறது. மன்னரின் குதிரைக்குக் காப்பீடு தேவைப்படவில்லை. நோயின் செலவும் சாவின் இழப்பும் ஒரே கருவூலத்தின் மீது விழுந்தன. ஆகவே, சாகும்வரை காத்திருக்காமல் சிகிச்சைக்குச் செலவிடுவது அங்கே இயல்பாக இருந்தது. ஜட்கா வண்டிக்காரருக்கும் பால்மாடு வைத்திருப்பவருக்கும் அப்படிப்பட்ட கருவூலம் இல்லை. அதனால்தான் காப்பீடு என்ற ஏற்பாடே தேவைப்படுகிறது.

இன்றைய நிலை என்ன?

மத்திய அரசின் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் 2005–06இல் 100 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பிரீமியத்தில் பாதி மானியம். ஒருவருக்கு இரண்டு மாடுகள். அதிகபட்சம் மூன்றாண்டு பாலிசி. 2014இல் இது தேசிய கால்நடை இயக்கத்தின் ஓர் அங்கமானது. கறவை மாடுகளோடு ஆடு, பன்றி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஆக, சட்டப்படி குதிரைக்கும் பசுவுக்கும் இங்கே ஒரே கூரைதான். 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, விலங்கின் உரிமையாளர் கட்ட வேண்டிய பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. இது பாராட்டத்தக்க மாற்றம். எங்கள் ஊர் அம்மையார் அன்று 600 ரூபாய் கட்டிய இடத்தில் இன்று 180 ரூபாய் கட்டினால் போதும்.

ஆனால், பிரீமியத்தின் விலை குறைந்ததே தவிர, அந்த விலைக்கு வாங்கும் பொருள் மாறவில்லை. கால்நடைக் காப்பீடு அடிப்படையில் சாவுக்கான காப்பீடு. நோய், விபத்து, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் விலங்கு இறந்தால் இழப்பீடு உண்டு. சில பாலிசிகளில் நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. சிகிச்சைச் செலவு அதில் வராது. பாலிசி தொடங்கிய முதல் 15 நாள்களுக்குள் நோயால் இறந்தால் பொதுவாக இழப்பீடு இல்லை. காப்பீடு தொடங்குவதற்கு முன்பே பற்றியிருந்த நோய் விலக்கு. காது வில்லை இல்லாவிட்டால் இழப்பீடே இல்லை.

இவற்றுள் பெரும்பாலானவை நியாயமான விதிகள். வீடு பற்றி எரியும்போது தீக்காப்பீடு கேட்டு வருபவருக்கு யாரும் பாலிசி தர முடியாது. மாடு நோய்ப்பட்ட பிறகுதான் காப்பீடு எடுப்பேன் என்று எல்லோரும் இருந்துவிட்டால், நிதியில் நோயுற்ற மாடுகள் மட்டுமே மிஞ்சும், பிரீமியம் ஏறும், நல்ல மாடு வைத்திருப்பவர் விலகுவார், நிதி சரியும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சரிவைத்தான் விளக்கியது. வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் நடத்திய பாடம் இது.

எங்கே பிழை?

பிழை இருப்பது, அந்த விதியைப் பொருத்துகிற இடத்தில். புதிதாக வருபவரையும் தொடர்ந்து வருபவரையும் அது ஒன்றாகப் பார்க்கிறது. நோய்ப்பட்ட மாட்டை மறைத்துக் காப்பீடு எடுக்க வருபவர் வேறு. நலமான மாட்டுக்குக் காப்பீடு எடுத்து, பத்து மாதம் கழித்து அது நோய்ப்பட்டு, உரிய நாளில் புதுப்பிக்க வருபவர் வேறு. பின்னவர் எதையும் மறைக்கவில்லை. நோய் வருமா வராதா என்பது அவருக்கும் தெரியாது, நிறுவனத்துக்கும் தெரியாது என்ற நிலையில்தான் நிதியில் சேர்ந்தார். காப்பீடு என்பதே அந்த அறியாமையைப் பகிர்ந்துகொள்வதுதான். நோய் வந்ததும் ‘இனி உன் ஆபத்து கூடிவிட்டது, தனியே நில்’ என்று சொன்னால், அவர் எந்த ஆபத்துக்கு எதிராகப் பிரீமியம் கட்டினார்?

ஓராண்டுக் காப்பீடு என்பது சட்டத்தின் பார்வையில் ஓராண்டு ஒப்பந்தம். புதுப்பித்தல் என்று நாம் பேச்சில் சொல்வது, தெளிவான வாசகம் இல்லாதவரை, புதிய ஒப்பந்தமே. ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் தனித்தனியே பார்த்தால் நிறுவனத்தின் மீது குற்றம் சொல்ல இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் நடுவில் இருக்கும் பள்ளம் தெரிகிறது. ஆபத்தில் இரண்டு வகை உண்டு என்று காப்பீட்டுப் பொருளாதாரம் பிரித்துச் சொல்கிறது. இந்த ஆண்டு இழப்பு நேரலாம் என்பது ஒன்று. இந்த ஆண்டு நேர்வதால் அடுத்த ஆண்டு முதல் நாம் ‘ஆபத்தானவர்’ பட்டியலில் போய்விடலாம் என்பது மற்றொன்று. ஓராண்டுப் பாலிசி முதலாவதை மட்டுமே காக்கிறது. நீண்ட நோயில் பெரிய இழப்பு வருவது இரண்டாவதால்தான். 1995இல் மார்க் பாலியும் அவருடைய இணை ஆய்வாளர்களும் ஒரு பக்கம், ஜான் காக்ரேன் இன்னொரு பக்கம், இதே சிக்கலுக்கு இரு வேறு தீர்வுகளை முன்வைத்தார்கள். உறுதியளிக்கப்பட்ட புதுப்பித்தல் அவற்றில் ஒன்று.

மனிதர்களுக்கு நாம் இதை ஏற்கெனவே பெருமளவு சரிசெய்திருக்கிறோம் என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒருவர் முப்பது வயதில் ஆயுள் காப்பீடு எடுத்து நாற்பதில் சர்க்கரை நோயாளி ஆனால், அவருடைய பிரீமியம் மாறுவதில்லை. மருத்துவக் காப்பீட்டில், முந்தைய ஆண்டு இழப்பீடு கோரினார் என்பதற்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்க வேண்டும் என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதி. ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை 2024இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகவும், மறைத்துவிட்டார் என்று பாலிசியைக் கேள்வி கேட்கும் காலத்தை 8 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகவும் ஆணையம் குறைத்தது. மோசடி மட்டுமே இதற்கு விலக்கு. தொடர்ந்து கட்டி வருபவர் புதியவர் அல்லர் என்ற கொள்கை இங்கே நிலைநாட்டப்பட்டுவிட்டது. அந்தக் கொள்கை தொழுவத்தின் வாசலில் நின்றுவிட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

நெல் வேறு, மாடு வேறு

நம் டெல்டாவில் காப்பீடு என்றாலே பயிர்க் காப்பீடுதான் நினைவுக்கு வரும். 2016 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். அதற்கு முன்பு வேறு பெயர்களில் வேறு திட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் சம்பாவுக்குப் பதிவு செய்ய வரிசையில் நிற்கிறோம். பருவத்துக்கு ஒரு ஒப்பந்தம் என்பது நெல்லுக்குப் பொருந்துகிறது. அறுவடையோடு பயிரின் வாழ்வு முடிகிறது. இந்தப் பருவத்துப் புகையான் தாக்குதலோ, வெள்ளமோ அடுத்த நாற்றங்காலில் விதைத்த விதையை நோயாளி ஆக்குவதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தால் வயல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பருவம் முடிந்ததும் கணக்கை மூடுவதில் யாருக்கும் நட்டமில்லை.

மாடு அப்படியன்று. கன்று ஈன்றதிலிருந்து ஆறேழு ஈற்றுவரை ஒரே உடல், ஒரே வரலாறு. மடிநோயில் ஒரு காம்பு கெட்டால் அடுத்த ஈற்றிலும் அது கெட்டதுதான். உண்ணி மூலம் பரவும் இரத்த நோய் தீர்ந்ததுபோல் இருந்து, சினைக் காலத்தில் மீண்டும் எழக்கூடும். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்றிலிருந்து மாடு புதிது என்று கருதுவது காகிதத்தில் மட்டுமே நடக்கும். பயிருக்காகத் தைத்த சட்டையை மாட்டுக்கு மாட்டிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதன் விளைவும் சிறிதன்று. டெல்டாவில் உழவுக்கு டிராக்டரும் அறுவடைக்கு இயந்திரமும் வந்தபின் உம்பளச்சேரி போன்ற நாட்டு உழவு மாடுகள் அருகிவிட்டன. அந்த இனத்தைக் காக்கத் திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையில் அரசுப் பண்ணையே நடத்த வேண்டியிருக்கிறது. நிலமற்ற குடும்பங்களிடம் இன்று இருப்பது ஒன்றிரண்டு கறவை மாடுகள். நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட வேலையற்ற மாதங்களில் பால் சங்கத்தில் வாங்கும் பணம்தான் மளிகைக் கடை பாக்கியை அடைக்கிறது. அந்தப் பசுவின் சாவு ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பின் சாவு. பல நேரங்களில் அதை வாங்கிய கடனும் பாக்கி நிற்கும்.

சாவுக்கு மட்டும் பணம் தரும் பாலிசிக்கு இன்னொரு குறையும் உண்டு. 40,000 ரூபாய்ப் பசுவுக்கு நோய் வருகிறது. வெளியில் வாங்கும் மருந்து, வண்டிக் கூலி, இரவில் வரும் மருத்துவர் என்று 8,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பசு பிழைத்தால் அந்த 8,000 முழுவதும் உரிமையாளரின் தலையில். வைத்தியம் பார்க்காமல் விட்டுப் பசு செத்தால் 40,000 நிறுவனத்தின் தலையில். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கணக்குப் பார்த்து மாட்டைச் சாகவிடுவதில்லை. மனிதர்கள் ஒப்பந்தங்களைவிட நல்லவர்கள். ஆனால், ஒப்பந்தம் சுட்டும் திசை அதுதான். அரசு கால்நடை மருந்தகங்களும், 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ ஊர்தியும் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. முழுவதும் அல்ல.

செலவு எவ்வளவு?

‘தொடரும் நோயையும் ஏற்றால் பிரீமியம் எகிறிவிடாதா?’ என்பது நியாயமான கேள்வி. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பசுக்கள், ஒவ்வொன்றின் மதிப்பும் 40,000 ரூபாய். புதுப்பிக்கும் நாளில் அவற்றில் 10 பசுக்கள் சிகிச்சையில் இருக்கின்றன; அந்த நோயாலேயே 5 பசுக்கள் பின்னர் இறக்கின்றன என்று கொள்வோம். கூடுதல் இழப்பீடு 2 லட்சம் ரூபாய். 1,000 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 200 ரூபாய். அதாவது மதிப்பில் அரை சதவீதம். இன்றைய மானிய விகிதத்தில் உரிமையாளரின் பங்கு 30 ரூபாய். எண்களை இரட்டிப்பாக்கினாலும் 60 ரூபாய்தான். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகக் கொடுப்பதா, ஐந்து பேர் தலைக்கு 40,000 இழப்பதா? காப்பீடு என்ற ஏற்பாடு பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடையாகத்தான்.

வெளிநாட்டு அனுபவமும் உண்டு. சுவீடனின் அக்ரியா நிறுவனம் 1890இல் குதிரைகளுக்கும் மாடுகளுக்குமான காப்பீடாகத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் செல்லப்பிராணிகளுக்கும் குதிரைகளுக்கும் மருத்துவக் காப்பீடு பரவலான வழக்கம்; அதன் பதிவேடுகள் விலங்கு நோய் ஆய்வுக்கும் பயன்படுகின்றன. குதிரையின் காலை விலக்கிய அதே இங்கிலாந்தில், நாய் பூனைகளுக்கு ‘வாழ்நாள் காப்பீடு’ என்ற வகை விற்கப்படுகிறது. இடைவெளியின்றிப் புதுப்பித்து வரும்வரை, பழைய நோய்க்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓர் உச்ச வரம்புவரை செலவு கிடைக்கும். பிரீமியம் சற்றுக் கூடுதல். ஆனாலும் சந்தையில் நிற்கிறது.

மோசடி நடக்குமே என்ற அச்சத்துக்கும் இன்று விடை இருக்கிறது. கால்நடைகளின் காதில் போடப்படும் 12 இலக்க எண் கொண்ட வில்லை, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேட்டோடு இணைந்தது. தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் பதிவாகின்றன. சிகிச்சையும் ஒழுங்காகப் பதிவானால், நோய் எந்த நாளில் தொடங்கியது என்பதில் வழக்குக்கே இடமில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, பாலிசி காலத்தில் தொடங்கி அரசு கால்நடை மருத்துவரால் பதிவு செய்யப்பட்ட நோய், அந்தப் பாலிசியின் நோயாகவே கருதப்பட வேண்டும். பாலிசி முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்த நோயால் இறந்தால் பழைய பாலிசியே பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவதாக, உரிய நாளுக்குள் புதுப்பிப்பவருக்குப் புதிய உடல்நலச் சான்றோ, புதிய விலக்குகளோ கூடாது. கலப்பற்ற தொடர்ச்சி வேண்டும். மூன்றாவதாக, மூன்றாண்டுப் பாலிசியே இயல்பான தேர்வாக இருக்க வேண்டும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்குப் பால் சங்கப் பட்டுவாடாவில் மாதந்தோறும் சிறு தொகையாகப் பிடித்துக்கொள்ளலாம். நான்காவதாக, குறைந்த வரம்புடைய சிகிச்சைச் செலவுப் பிரிவு ஒன்றைச் சில மாவட்டங்களிலாவது முன்னோட்டமாகச் சேர்த்துப் பார்க்கலாம். கால்நடை மருத்துவக் கல்லூரியும் அடர்த்தியான பால் சங்கங்களும் உள்ள தஞ்சை மாவட்டம் அதற்குப் பொருத்தமான இடம். ஐந்தாவதாக, விலக்கு எதுவாயினும் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற்ற பிறகே செல்லும் என்று ஆக வேண்டும்.

இவை நடக்கும்வரை, கால்நடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மாடு நலமாக இருக்கும்போதே மூன்றாண்டுப் பாலிசி எடுங்கள். தவணைக்காக ஓராண்டோடு நிறுத்தாதீர்கள். ஓராண்டுப் பாலிசி ஏற்கெனவே இருந்தால், முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே, மாடு நலமாக இருக்கும் நிலையில் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு சிகிச்சைச் சீட்டையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். காது வில்லை விழுந்தால் அன்றே தெரிவியுங்கள். புதிய பாலிசி வந்ததும் பழையதன் அருகே வைத்து, கூடுதலாக ஏதேனும் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அந்த ஒருவர் என்னைப் போன்றவராக இருந்தால், அவர் கடைசிப் பக்கம்வரை படிக்கிறாரா என்றும் பாருங்கள்.

அந்த அம்மையார் ஓராண்டுக்குப் பின் மகளிர் குழுக் கடனில் வேறொரு பசு வாங்கினார். காப்பீட்டுப் படிவத்தோடு மீண்டும் என்னிடமே வந்தார். என் மீது அவருக்கு வருத்தமே இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. “இந்தத் தடவ மூணு வருசத்துக்கே கட்டிடுறேன் சார். ஆனா அந்தச் சின்ன எழுத்தையெல்லாம் எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்க” என்றார். திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. மூன்று ஆண்டு முடிந்தால் அதுவும் புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு வந்து நிற்கும். அதற்குள் மேலே சொன்ன முதல் இரண்டு விதிகளாவது திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் இடம்பெற்றால், அன்று அவர் என்னைத் தேடி வர வேண்டிய தேவை இருக்காது.